என் மருமகனின் விமானப்படைக் கனவும் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகமும்



இக்கட்டுரை என் தங்கை மகனைப் பற்றியது. அவனிடம் அனுமதி பெற்ற பின்னரே எழுதுகிறேன். “பேரை மட்டும் போடாதீங்க மாமா, மத்ததெல்லாம் எழுதுங்க. இன்னொருத்தனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா நல்லதுதானே” என்றான். அவனைப் பற்றி எழுதத் தொடங்கினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

மச்சான் வளைகுடாவில் பணியாற்றுவதால், தங்கை மகனின் படிப்பு, பழக்கவழக்கம், பள்ளிக்கூடக் கையெழுத்து எல்லாம் என் பொறுப்பிலேயே இருந்து வந்தன. சிறுவயதில் என்னிடம்தான் குர்ஆன் ஓதப் படித்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம்: விமானப்படையில் போர் விமானம் ஓட்ட வேண்டும். அவனுடைய படிப்பு மேசைக்கு மேலே, ஹைதராபாத்தில் பிறந்து 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கிய இத்ரீஸ் ஹசன் லத்தீஃபின் படம் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு வேலை, கடை, பொறியியல் என்று மூன்று வழிகளே கண்ணில் படும். இராணுவம் என்றாலே பல வீடுகளில் தாய்மார் அழத் தொடங்கிவிடுவார்கள். இவனோ விடியற்காலையில் எழுந்து, சுபுஹு தொழுத கையோடு ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து கணக்குப் புத்தகத்தைத் திறப்பான்.

புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியைப் பற்றி அவன் சொல்லித்தான் நான் அறிந்தேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் அதிகாரிகளாகப் போகிற இளைஞர்கள் ஒரே வளாகத்தில் பயிற்சி பெறும் இடம் அது. ஆண்டுக்கு இருமுறை நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600 என மொத்தம் 900 மதிப்பெண்கள். அதில் தேறியவர்களை ஐந்து நாள்கள் உடன் வைத்து ஆராயும் தெரிவு வாரியத்துக்கு மேலும் 900. அதையும் கடந்தால் மருத்துவப் பரிசோதனை. இவற்றில் எதற்கும் அவன் அஞ்சவில்லை. தன் கண்ணைப் பற்றி அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன், பயிற்சி மையத்தில் சேர்வதற்காக ஒரு கண் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். நானும் தங்கையும் அவனை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். தூரப் பார்வை தெளிவு. கிட்டப் பார்வை தெளிவு. பிறகு மருத்துவர் ஒரு புத்தகத்தை விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வட்டம். அந்த வட்டம் முழுவதும் சிறிதும் பெரிதுமாகப் பல நிறப் புள்ளிகள்.

முதல் பக்கத்தில் 12 என்று வாசித்தான். அது எல்லோருக்கும் தெரியும் பக்கம். அடுத்ததில் 3 என்றான். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் புரட்டினார். இன்னொரு பக்கத்தில் 70 என்றான். இன்னொன்றில் 21 என்றான். அவன் பின்னால் நின்று நானும் மனத்துக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் 21தான் தெரிந்தது. அப்போது என் தங்கை மெல்லிய குரலில், “என்னத்தா சொல்றே, நல்லாப் பாரு, 74-னு போட்டிருக்கே” என்றாள்.

அவ்விடத்தில் நான் வாய் திறக்கவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு பக்கத்தில் அவன் 45 என்று வாசித்தபோது, தங்கை அதில் எண்ணே இல்லை என்றாள். மருத்துவர் தலையசைத்தார். “அம்மா, இந்தப் பக்கத்துல உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இவருக்குத் தெரியும். அப்படி அமைச்சது இது” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு வடிவ உயிரணுக்கள் மூன்று வகை. அவற்றுள் பச்சையை உணர்வதற்குரிய வகை இவனுக்குப் பிறவியிலேயே மாறுபட்டு அமைந்திருக்கிறது. உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரியாது. நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு, செம்மஞ்சள் ஆகியவை ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்போதுதான் தடுமாற்றம் ஏற்படும். இது நோயன்று, நாளுக்கு நாள் வளர்வதும் அன்று. ஆனால் பிறவியில் வருகிற இக்குறைபாட்டைப் போக்க மருந்து இல்லை. வண்ணக் கண்ணாடிகள் சில நிறங்களின் வேறுபாட்டைத் தூக்கிக் காட்டலாம், ஆனால் கண்ணை மாற்றிவிடா.

“விமானம் ஓட்டுற பிரிவுக்கு நிறப் பார்வையில முதல் தரம் வேணும். இது அதுக்குப் போதாது” என்று முடித்தார்.

திரும்பி வருகிற பேருந்தில் அவன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தங்கை முந்தானையால் கண்களைத் துடைத்தபடியே வந்தாள்.

சில நாள்களில் வீட்டில் இன்னொரு வேதனையும் சேர்ந்தது. இக்குறைபாடு தாய்வழியாக வரும் என்று எவரோ தொலைபேசியில் மச்சான் வீட்டாரிடம் சொல்லிவிட்டார்கள். “உன் வழியில வந்ததாமே” என்ற ஒரு சொல் போதும். அவள் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

சகோதரிகளே, இதனை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிவப்பையும் பச்சையையும் உணர்வதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றொன்று ஈடுசெய்துவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. அதை அவன் தாயிடமிருந்தே பெறுகிறான். எனவேதான் ஆண்களிடம் இக்குறை மிகுதி. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்கள் 100 பேருக்கு ஏறத்தாழ 8 பேர், பெண்கள் 200 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆசிய மக்களிடையே இது சற்றுக் குறைவு. தாய் தன் வயிற்றுப் பிள்ளைக்கு எந்த எக்ஸைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில்லை. அவள் கையில் இல்லாத ஒன்றுக்கு அவளைக் குற்றவாளி ஆக்குவது அறியாமை மட்டுமன்று, அநியாயமும் ஆகும்.

அன்றிரவு தங்கையிடம் எங்கள் நன்னாவை, அதாவது எங்கள் தாயாரின் தந்தையை, நினைவூட்டினேன். அவர் தையற்காரர். அவருடைய நூல்கண்டுகளின் அடியில் சிறு காகிதம் ஒட்டி, அதில் நிறத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார். கடைக்குப் புது நூல் வந்தால் முதல் வேலையாக நன்னியைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டு எழுதிக்கொள்வார். நாங்கள் அதனை ஒழுங்கு என்று எண்ணியிருந்தோம். ஊரார் துணிக்கு நூல் பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். நாற்பது ஆண்டுகள் அப்படியே தைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றினார். அவரிடமிருந்து எங்கள் தாயாருக்கு, தாயாரிடமிருந்து எனக்கும் தங்கைக்கும், அவளிடமிருந்து அவள் மகனுக்கு. “அப்ப உங்களுக்கும் இருக்கா அண்ணே?” என்றாள். “எனக்கும் அந்தப் பக்கத்தில் 21தான் தெரிந்தது” என்று முதன்முறையாக ஒருவரிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மருமகன் இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படித்தான். வேதியியல் புத்தகத்தில் அணுக்கொள்கைக்காக நாம் படிக்கிற ஜான் டால்டன் இதே குறைபாடு உடையவர். 1794-இல் தம் கண்ணைப் பற்றித் தாமே மான்செஸ்டரில் ஓர் உரை நிகழ்த்தினார். தம் விழிக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருப்பதே காரணம் என்று கருதிய அவர், இறந்த பின் கண்ணை ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1844-இல் ஆராய்ந்தபோது அது தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அந்தக் கண்ணிலிருந்து மரபணுவை எடுத்து ஆய்ந்து, 1995-இல்தான் உண்மையான காரணத்தை உறுதி செய்தார்கள். நாங்கள் மதுரையில் பார்த்த புள்ளிப் புத்தகம் ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. படைக்கு ஆள் சேர்க்கும்போது பரிசோதிப்பதற்காகவே அது உருவானது. “என்னை மாதிரி ஆளைத் தடுக்கத்தான் மாமா அந்தப் புத்தகமே பிறந்துச்சு” என்று கசப்போடு சிரித்தான்.

இனி, நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

ஒரு நாள் மாலை அவன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். புள்ளிப் புத்தகத்தின் 38 பக்கங்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் சரியான விடை எழுதப்பட்டிருந்தது. பயிற்சி மையத்தில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். “எட்டு நாள்ல மனப்பாடம் பண்ணிடு. புள்ளிகளோட அமைப்பைப் பாத்து எண்ணைச் சொல்லிடலாம். எத்தனையோ பேரு இப்படித்தான் போயிருக்காங்க” என்றாராம்.

“மாமா, நீங்கதானே எனக்கு மனப்பாடம் செய்யக் கத்துக் கொடுத்தீங்க. இதுல என்ன தப்பு இருக்கு?” என்று கேட்டான்.

பின்னால் நின்ற தங்கையும் தாழ்ந்த குரலில் சேர்ந்துகொண்டாள். “நீங்க சரின்னு சொன்னா அவன் மனசு ஆறும் அண்ணே. களவா, கொலையா? எண்ணைத்தானே படிக்கப் போறான்.”

“யோசித்துச் சொல்கிறேன்” என்றேன்.

யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. விடை அந்த நொடியே எனக்குத் தெரியும். மார்க்கக் கல்வி பயின்று, இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்துவருகிற ஒருவன், தன் வீட்டுப் பிள்ளை கேட்டதும் ஒரு நாள் அவகாசம் வாங்கினேன். காரணம் பாசம் மட்டும் அன்று. அந்தக் கேள்வி என்னையும் சேர்த்தே கேட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவுக்கு, தஜ்வீத் சட்டங்களை நிறங்களால் காட்டும் குர்ஆன் பிரதிகளை ஒருவர் வாங்கிக் கொடுத்தார். எங்கள் பிரதியில் குன்னா பச்சை, மத்து சிவப்பு. பிள்ளைகளுக்கு மிக எளிதாக இருந்தது. எனக்கு மட்டும் அந்த மெல்லிய எழுத்துகளில் பச்சையும் சிவப்பும் ஏறத்தாழ ஒரே மங்கலாகத் தெரிந்தன. வயதாகிறது, அச்சு சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவரிடமும் சொல்லவில்லை. சட்டங்கள் எனக்கு மனப்பாடம். எனவே எந்த எழுத்தில் எந்தச் சட்டம் என்று அறிந்து, “பார், இங்கே பச்சை இருக்கிறது, குன்னா செய்” என்று கண்ணால் பார்ப்பவனைப் போலவே சொல்லிவந்தேன். ஒருமுறை ஒரு சிறுவன், “ஹஸ்ரத், இது செகப்பு” என்றபோது, கவனித்து ஓது என்று அவனையே அதட்டினேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. விடையை மனப்பாடம் செய்துகொண்டு பார்வை உள்ளவனாக நடிப்பதைத்தான் என் மருமகனும் செய்யலாமா என்று கேட்டான். நானோ அதை மூன்று ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் இஷாவுக்குப் பின் அவனைப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார வைத்து, முதலில் இதைத்தான் சொன்னேன். அதற்கு அப்புறம்தான் அறிவுரை.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட நிகழ்ச்சியை அவன் சிறுவயதிலேயே என்னிடம் கேட்டிருக்கிறான். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். ஈரத்தை மேலே வைத்திருந்தால் வாங்குபவர் அறிந்தே வாங்கியிருப்பார் என்பதுதான் அங்கே கிடைத்த படிப்பினை. தானியம் நனைந்தது வணிகரின் குற்றமன்று, மழையில் நனைந்தது. மறைத்ததே குற்றம். “உன் கண் அப்படி அமைந்தது குற்றமில்லை. அதை மறைத்து ஒரு பொறுப்பை வாங்குவது வேறு” என்றேன்.

“நான் யாருக்கு என்ன கெடுதி செய்யப் போறேன்?” என்றான்.

அதற்கு அவன் படித்தவற்றையே எடுத்தேன். விமானத்தின் இடது சிறகில் சிவப்பு விளக்கு, வலது சிறகில் பச்சை, வாலில் வெள்ளை. இருட்டில் எதிரே தெரியும் விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அந்த நிறங்களே காட்டும். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. வானொலி செயலிழந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரம் சிவப்பு, பச்சை, வெள்ளை ஒளியால்தான் பேசும். 2002 ஜூலையில் அமெரிக்காவின் டல்லஹாசியில் ஒரு சரக்கு விமானம் விடியும் முன் தரையிறங்க வந்தபோது மிகத் தாழ்ந்து மரங்களில் மோதி அழிந்தது. அதிலிருந்த மூவரும் பலத்த காயங்களோடு உயிர் தப்பினர். விமானியரின் களைப்பு, நடைமுறைத் தவறு ஆகியவற்றோடு, துணை விமானியின் நிறப் பார்வைக் குறைபாட்டையும் ஒரு காரணமாக விசாரணை அறிக்கை குறித்தது.

“புள்ளிப் புத்தகத்தில் நீ ஏமாற்றப் போவது மருத்துவரை மட்டும் அன்று. உன் பின் இருக்கையில் உட்காருபவனையும், கீழே உறங்குகிற ஊரையும் சேர்த்துத்தான். அவர்கள் உன்னை நம்பிக் கொடுப்பது அமானிதம்” என்றேன். நடைமுறை உண்மை ஒன்றையும் சொன்னேன். புத்தகத்தோடு பரிசோதனை முடிவதில்லை. இருட்டறையில் சிறு துளை வழியே நிற ஒளியைக் காட்டி, குறிப்பிட்ட தொலைவிலிருந்து பெயர் கேட்கும் மார்ட்டின் விளக்குச் சோதனையும் இருக்கிறது. அதற்கு மனப்பாடம் உதவாது. அப்படி ஒரு சோதனை இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவன் உடனே ஏற்றுக்கொண்டான் என்று எழுதினால் அது பொய்யாகும். கோபித்தான். ஒரு மாத காலம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஓட்டத்தை நிறுத்தினான். மேசை மேலிருந்த படத்தைக் கழற்றி வைத்தான். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அப்துல் கலாமைச் சொல்லி அவனைத் தேற்ற முயன்றார்கள். உண்மைதான். இராமேசுவரத்துப் பிள்ளையான அவர் விமானப்படை விமானியாக விரும்பி டேராடூன் சென்றார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இடங்கள் எட்டே எட்டு. பிற்காலத்தில் 2006-இல், குடியரசுத் தலைவராக, 74 வயதில் புனேயில் சுகோய் விமானத்தில் பறந்தார். ஆனால் அவன் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சொன்னான்: “அவருக்கு ஓர் இடம் குறைஞ்சது. எனக்குக் கண்ணே குறை. இரண்டும் ஒண்ணா மாமா?” எனக்கு விடை தோன்றவில்லை. துயரத்தில் இருப்பவனிடம் பெரிய மனிதர்களின் வரலாற்றை நீட்டுவதை அன்றோடு நிறுத்தினேன்.

பல நாள் கழித்து அவனாகவே வந்து கேட்டபோதுதான் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னேன். உஹதுப் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் படையைப் பார்வையிட்டபோது, பதினான்கு வயது இப்னு உமர் (ரலி) திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்து அகழ்ப் போரில், பதினைந்தில், ஏற்கப்பட்டார். திருப்பி அனுப்பியது அவருடைய ஈமானைக் குறைத்து மதிப்பிட்டது ஆகாது. அந்த நாளில் அந்தப் பணிக்கு அவர் பொருந்தவில்லை, அவ்வளவே. மற்றொருவர் பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). போரில் கலந்துகொள்ள இயலாத ஏக்கத்தை அவர் நபியவர்களிடம் முறையிட்டபோது, அந்நிஸா அத்தியாயத்தின் 95-ஆவது வசனத்தில் இயலாமை உடையோருக்கான விலக்கு அருளப்பட்டது. அந்த விலக்கோடு அவர் மூலையில் அமர்ந்துவிடவில்லை. பிலால் (ரலி) அவர்களோடு மதீனாவின் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் ஊரில் இல்லாத வேளைகளில் பலமுறை மதீனாவின் பொறுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் காதிஸிய்யாப் போர்க்களத்தில் கொடி ஏந்தி நின்றார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். கொடியைப் பிடித்து நிற்பவனுக்குத் தேவை இடம் பெயராத கால்.

“அப்ப எனக்கும் ஏதாவது ஒரு கொடி இருக்கும்னு சொல்றீங்க” என்றான். அன்றுதான் மீண்டும் சிரித்தான்.

மறைக்கக் கூடாது என்பதற்கு, எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று பொருளில்லை. விதிகளும் மனிதர்கள் எழுதியவைதாமே. சில சமயம் தேவைக்கு மேல் கடுமையாக அமைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் பேப் என்ற மருத்துவர், தமக்கே இக்குறைபாடு இருந்தும், 1980களில் தீர்ப்பாயத்தில் வெளிப்படையாக வழக்காடி, நிறப் பார்வைக் குறைபாடு உடைய விமானிகள் மீதிருந்த பல தடைகளைத் தளர்த்தச் செய்தார். நம் நாட்டில் 2020-இல் ஓட்டுநர் உரிம விதிகள் திருத்தப்பட்டு, இலேசான மற்றும் நடுத்தர அளவு குறைபாடு உடையோர் உரிமம் பெற வழி ஏற்பட்டது. புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரியில் இக்குறைபாட்டைக் காரணம் காட்டி மாணவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இராணுவ மருத்துவ வாரியத்தின் முடிவுக்கு எதிராகவும் மேல்முறையீட்டு வாரியம் உண்டு, அதற்கும் மேலே மறு ஆய்வு வாரியம் உண்டு. வாசலைத் தட்டலாம். சுவரேறிக் குதிக்கத்தான் கூடாது.

பிறகு ஓய்வுபெற்ற இராணுவ மருத்துவர் ஒருவரைச் சென்று கண்டோம். அவர் அவன் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, பொறுமையாக எடுத்துரைத்தார். போர் விமானம் ஓட்டும் பிரிவு இவனுக்கு இல்லை, அந்த நம்பிக்கையை வளர்க்க வேண்டாம். ஆனால் எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. தரைப்படையின் அளவு விமானிக்குரிய அளவைவிடத் தளர்ந்தது. தேறலாம், தேறாமலும் போகலாம், வாரியமே முடிவு செய்யும். அளவுகோல்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்தே விண்ணப்பிக்க வேண்டும். கேட்டால் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவன் தரைப்படையை முதல் விருப்பமாகக் குறித்துத் தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வில் தேறினான். ஐந்து நாள் தெரிவில், கடைசி நாள், பெயர் வாசிக்கப்படாமல் திரும்பினான். ரயில் நிலையத்தில் அழைத்துவரப் போயிருந்தேன். பெட்டியோடு இறங்கியவன், “மாமா, இந்தத் தடவை கண்ணு காரணம் இல்லை. குழுவில பேசவே எனக்கு வரலை” என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். திறமையில் தோற்றவன் மறுபடியும் முயலலாம். பொய்யில் வென்றிருந்தால் ஒவ்வோர் ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கும் நெஞ்சு படபடக்க நின்றிருப்பான். இப்போது கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். பட்டப்படிப்புக்குப் பின் அதிகாரியாகச் சேரும் வழிகளுக்காக ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறான். சுபுஹுக்குப் பின் ஓட்டமும் தொடங்கிவிட்டது. கழற்றிய படம் மீண்டும் மேசைக்கு மேலே ஏறியிருக்கிறது. முடிவு அல்லாஹ்வின் நாட்டம்.

பெற்றோருக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று. பிள்ளைக்கு எட்டு, பத்து வயது ஆகும்போதே, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, கண் மருத்துவமனையில் நிறப் பார்வையையும் பரிசோதித்து வாருங்கள். சில நிமிட வேலை. விமானி, ரயில் ஓட்டுநர், கப்பல் மாலுமி போன்ற பணிகளை ஒரு பிள்ளை பத்து ஆண்டுகள் கனவு கண்ட பிறகு அறிவதைவிட, கனவு முளைவிடும் முன் அறிவது இலேசானது. மரத்தடிக்குப் பச்சை நிறம் தீட்டும் பிள்ளையை அதட்டாதீர்கள். பழுத்த மிளகாயையும் காயையும் பிரிக்கத் தெரியாத மகனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். தாய்வழிக் குறை என்று மருமகளைப் பேசாதீர்கள்.

என் மதரஸாவிலும் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. திண்ணையில் மருமகனோடு பேசிய அடுத்த வாரம், பிள்ளைகள் அனைவரையும் உட்கார வைத்து, “உங்கள் ஹஸ்ரத்துக்குப் பச்சையும் சிவப்பும் சரியாகப் பிரியாது. இத்தனை நாள் தெரிந்தது போல் சொல்லிவந்தேன். அது தவறு” என்றேன். அன்று நான் அதட்டிய சிறுவனைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவன் தன் சட்டையைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டான். வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எப்போதும் கடைசி வரிசையில் அமரும் ஒன்பது வயதுப் பையன் மட்டும் திரும்பி வந்தான். தஜ்வீதில் அவன் எப்போதும் பின்தங்கியே இருந்தான். கவனமில்லாதவன் என்று நான் பலமுறை அவன் தந்தையிடம் குறை சொல்லியிருக்கிறேன்.

“ஹஸ்ரத், எனக்கும் அந்தக் கலரெல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது” என்றான்.

இப்போது அவனுடைய பிரதியில், நிறங்களின் ஓரத்தில், பென்சிலால் சட்டத்தின் பெயரைச் சிறு எழுத்தில் எழுதித் தருகிறேன். எங்கள் நன்னா நூல்கண்டுகளில் ஒட்டிய காகிதம்தான் நினைவுக்கு வருகிறது. அவனும் நானும் சேர்ந்தே ஓதுகிறோம்.

நம் பிள்ளைகளுக்கு எது நன்மை என்பதை நம்மைவிட நன்கறிந்த இறைவன், அவர்களுக்கு நேரிய வழியையும், அவ்வழியில் தளராத கால்களையும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.